கரைக்கு முன்னால் நின்ற சொல்

ஓர் ஆங்கிலக் கதையின் கடைசி வாக்கியத்தில் ‘ஆல்மோஸ்ட்’ என்றொரு சொல் குடியிருந்தது. ‘தி போட் இஸ் ஆல்மோஸ்ட் அட் தி ஷோர்’ என்பது அந்த வாக்கியம். படகு கிட்டத்தட்டக் கரைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

ஆல்மோஸ்ட்டுக்கு அந்தக் கரையின் மேல் தீராத ஏக்கம். ஆனால் நடுவில் ‘தி’யின் கையைப் பிடித்தபடி ‘அட்’ நின்றது.

“அண்ணே, கொஞ்சம் நகருங்களேன். ஒரே ஒரு தடவை அந்தக் கரைப்பெண் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.”

“நான் என்னப்பா செய்ய? இங்கிலீஷில் உன் இடம் எனக்கு முன்னால்தான். எங்களுக்கு நடுவில் உன்னை விடமாட்டார்கள்,” என்றது அட்.

அப்போது பின்னாலிருந்து படகு தயங்கித் தயங்கிச் சொன்னது: “நீ இருக்கும்வரை நானும் கரை சேர முடியாது, தெரியுமா? உள்ளே குழந்தைகள் இருக்கிறார்கள்.”

ஆல்மோஸ்ட் படகுக்குள் இருந்த குழந்தைகளை எட்டிப் பார்த்தது. கதையை எழுதிய பூங்கோதை பேனாவோடு திரும்பி வந்ததும், “என்னை எடுத்துவிடுங்களேன்,” என்று அவளிடம் கெஞ்சியது. அவள் யோசித்துவிட்டு அதன் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

படகு மணலில் தட்டி நின்றது. குழந்தைகள் கத்திக்கொண்டே குதித்து இறங்கினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே கரை அட்டிடம் கேட்டாள்:

“உங்களுக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டே இருப்பாரே, அவர் எங்கே?”