வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

முதலில் அவனுடைய தட்டை எடுத்துவிட்டுக் கிண்ணம் கொடுத்தார்கள். அடுத்து அறையிலிருந்த கண்ணாடியைக் கழற்றினார்கள். பிறகு ஜன்னலுக்குப் பலகை அடித்தார்கள். அதற்குப் பிறகு கதவின் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்தார்கள். கடைசியாக அந்த வீட்டுப் பெண், தனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமே இல்லையென்று குழாயடியில் நாலு பேர் காதுபடச் சொன்னாள்.

மாடி வீட்டுத் தையல்காரம்மா இவ்வளவையும் வரிசை பிசகாமல் ஃபிட்டரிடம் ஒப்பித்தாள். அந்தக் கண்ணாடியைக் கால் விலைக்கு வாங்கியது தான்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

"ஊர் நியாயமெல்லாம் பேசறியே தம்பி, பக்கத்து வீட்டுல பெத்த பிள்ளையை மாடு மாதிரி அடைச்சு வச்சிருக்காங்க. அது உன் காதுல விழலையா?"

ஃபிட்டர் ஆலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் என்று பேர் வாங்கியிருந்தான். அன்று சாயங்காலம் ஆலை வாசலில் தியாகிகள் நாள் கூட்டம். சட்டையில் குத்தின சிவப்பு பேட்ஜோடு நேரே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான்.

"சம்பாதிச்சப்போ பிள்ளை, படுத்துட்டா பாரமா பெரியவரே?"

கதவைத் திறந்த பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார். பிள்ளையின் அம்மா அறைத் தாழ்ப்பாளை நீக்கினாள்.

உள்ளே இருந்தவனுக்கு முகம் என்று சொல்ல ஒரு கண்தான் மிச்சம். உதடுகள் வெந்து ஓரங்களில் ஒட்டிப்போயிருந்தன. தட்டில் போட்டுச் சாப்பிட வழியில்லை. கிண்ணத்திலிருந்து உறிஞ்சத்தான் முடியும். கண்ணாடியைப் பற்றி ஃபிட்டர் கேட்கவில்லை.

அம்மா சொன்னாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் உலை வெடித்த அன்று, இவன் செத்துவிட்டதாகச் சங்கச் செயலாளர் ஆலை வாசலில் அறிவித்தாராம். அதைக் கேட்டு மொத்த ஆலையும் வெளியே வந்து உட்கார்ந்தது. முதலாளி இறங்கி வந்தான். எட்டு மணி நேர வேலை, ஒரு வருஷம் உழைத்தவனுக்கு நிரந்தரம், எல்லாம் ஒப்பந்தமானது. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரியில் இவன் கண்ணைத் திறந்தான்.

"செயலாளர் வந்து அழுதார் தம்பி. இவன் உயிரோட இருக்கறது தெரிஞ்சா, பொய் சொல்லி ஜெயிச்சீங்கன்னு கொடுத்ததையெல்லாம் பிடுங்கிக்குவாங்க, இத்தனை குடும்பமும் தெருவுக்கு வந்துடும்னார். இவனே சரின்னு தலையாட்டிட்டான்."

தங்களை யாருக்கும் தெரியாத இந்தத் தெருவுக்கு வந்தார்களாம். ஜன்னல், ஆலைக்குப் போகிற வழியைப் பார்த்திருந்ததாம். மகளும் அதற்காகத்தான் அப்படிச் சொன்னாளாம்.

"அப்போ இந்தத் தாழ்ப்பாள்?"

"சங்கு ஊதினா சட்டையை மாட்டிக்கிட்டு வேலைக்குக் கிளம்பிடறான்" என்றார் பெரியவர்.

அறையிலிருந்தவன் ஏதோ குழறினான். அம்மா விளக்கினாள். சுவர் தாண்டிக் கேட்டுவிடும் என்று வீட்டில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்களாம். செத்தது போதும், உயிரோடு இருப்பவன் என்று ஒரே ஒரு தடவை ஆலை வாசலில் தன் பேரைச் சொல்லச் சொல்கிறானாம்.

ஃபிட்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னிக்கே சொல்றேண்ணே. அத்தனை பேர் எதிர்லயும் சொல்றேன். அம்மா, இனிமே தாழ்ப்பாள் போடாதீங்க."

அவள் போடவில்லை. மகனுக்குத் துவைத்த சட்டை எடுத்துக் கொடுத்தாள். ஒலிபெருக்கியில் பேசினால் இந்தத் தெருவரை கேட்கும். அவன் வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

கூட்டத்தில் செயலாளர் ஃபிட்டரின் தோளில் கை போட்டார்.

"அடுத்த மாசம் நீ நிரந்தரம் தம்பி. அந்த ஒப்பந்தத்தோட புண்ணியம்."

"தோழரே, அந்த உலை விபத்து..."

"சொல்லு."

வாசலில் கூட்டம் அலைமோதியது. ஃபிட்டர் பேட்ஜைச் சரிசெய்துகொண்டான்.

"ஒண்ணுமில்ல தோழரே."

"இந்த வருஷம் தியாகிகள் பேரை நீயே வாசி" என்று செயலாளர் மைக்கைக் கொடுத்தார்.

ஃபிட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டான். நெருப்புக்கு உயிர் கொடுத்த முதல் தோழர் என்று ஆரம்பித்து, குரல் கொஞ்சமும் பிசிறாமல், அந்தப் பேரை வாசித்தான்.