புழுதி பத்தலை

காலையில் மஞ்சுவிரட்டு, மத்தியானம் கல்மண்டபம் என்று படமெடுத்து முடித்த போட்டோக்காரர், சாயங்காலம் பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆட்டுக் கூட்டத்தை மறித்தார். சாயும் வெயிலில் ஆடுகள் புழுதி கிளப்பி வரவேண்டுமாம். மேய்க்கிற சோணையும் தலையாட்டிவிட்டார்.

புளியமரத்திலிருந்து கல்மண்டபம் வரைக்கும் மூன்று தடவை நடந்தாயிற்று.

"புழுதி பத்தலை. இன்னொரு தடவை," என்றார் போட்டோக்காரர்.

வெள்ளாடு தும்மியது. "வீட்டுக்குப் போற ஆட்டை மறிச்சு, வீட்டுக்குப் போற மாதிரி நடக்கச் சொல்றான். விட்டிருந்தா இந்நேரம் வீட்டுக்கே போயிருப்போம். என் குட்டி பாலுக்குக் கத்துது."

"பேசாம நட. போன தடவை நீ திரும்பிப் பார்த்துதான் கெடுத்தே," என்றது முன்னால் போன செம்மறிக் கிடா.

ஐந்தாவது தடவையோடு வெளிச்சம் போய்விட்டது. போட்டோக்காரர் உதட்டைப் பிதுக்கிவிட்டு வண்டியில் ஏறிப் போனார்.

மறுநாள் சாயங்காலம் மறிக்க ஆளில்லை. மண்டபத்தைத் தாண்டினால் பட்டி. குட்டி கத்துவது நன்றாகவே கேட்டது. ஆனால் கிடா மண்டபத்தடியில் நின்று, மெதுவாகத் திரும்பி, புளியமரத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. கூட்டம் மொத்தமும் அதன் பின்னால் திரும்பியது. சோணை போட்ட சத்தம் எதன் காதிலும் ஏறவில்லை.

"அண்ணே, எங்கே போறே? அந்த ஆள்தான் இன்னைக்கு வரவே இல்லையே," என்று கத்தியது வெள்ளாடு.

கிடா நிற்காமலே சொன்னது:

"அவரு வராட்டி என்ன? புழுதி பத்தலைல்ல."