மூன்றுக்கு ஆறு

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபடி மேனேஜர் தன் மனைவியைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே மெத்தைக் கடை. கேமராவுக்குக் கண் உண்டு, காது கிடையாது.

அவள் வாடிக்கையாளர்போல வந்திருந்தாள். அனுப்பியவன் அவன்தான்.

விற்பனையாளர்களை அவன் சோதிப்பது இப்படித்தான். பொய் வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே போவார். விலை கேட்பார். வேண்டாம் என்று கிளம்புவார். வெளியே போனதும் பத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதி மேனேஜரின் போனுக்கு அனுப்புவார். ஒருவருக்கு வேலை இருப்பதும் போவதும் அந்தப் பத்தில்தான்.

பழைய பொய் வாடிக்கையாளர்களின் முகமெல்லாம் கடைக்குப் பழகிவிட்டது. மனைவியை யாருக்கும் தெரியாது. கல்யாணமான பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட அவளை இங்கே கூட்டி வந்ததில்லை. இப்போது அது வசதியாகப் போயிற்று.

நேற்றுக் கேட்டபோது உடனே சரி என்றாள்.

எதற்கெடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பவள். அவன் உட்கார்ந்து பேசிப் பேசிக் கரைப்பான். கடைசியில் தலையாட்டுவாள். இந்தத் தடவை பேச்சுக்கே வேலை வைக்கவில்லை.

"ஆறுக்கு ஆறு மெத்தை கேளு. பிடிக்கலன்னு கிளம்பு. அந்தாளு உன்னப் போக விட்டுட்டான்னா அவன் கதை முடிஞ்சுது."

அந்த ஆளுக்குக் கடையில் ஊமைக்கோட்டான் என்று பெயர். மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து நாற்பத்தெட்டு வயதில் வேலை கேட்டு வந்தவர். எடுத்தது மேனேஜர்தான். மூன்று மாதமாகியும் மெத்தையைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நிற்கிறார், நோயாளிக்குப் பக்கத்தில் நிற்பதுபோல.

இன்று காலை எல்லோருக்கும் முன்னால் அவரை நிறுத்தி வைத்துக் கேட்டான்.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க. நீங்க வாயை எந்தக் கடையில அடகு வச்சிருக்கீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

பிறகு, நூறாவது தடவையாக, தன் இரண்டு விதிகளையும் சொன்னான். கட்டிலின் அளவைக் கேட்காதே, அதில் யார் படுக்கிறார்கள் என்று கேள். வேண்டாம் என்பவரை வாசல் தாண்ட விடாதே. இன்று சாயங்காலத்துக்குள் ஒரு மெத்தையாவது போகவில்லையென்றால் நாளைக்கு வர வேண்டாம்.

திரையில் அவர் அவளிடம் ஏதோ கேட்டார். சின்னக் கேள்விதான். கேட்டுவிட்டுச் சும்மா நின்றார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு பேச ஆரம்பித்தாள். நிறுத்தவேயில்லை. இவ்வளவு பேச்சு அவளிடம் இருக்கிறதா என்று அவனுக்கே வியப்பாயிருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவர் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

மேனேஜர் திரையை, பக்கத்து மேசையில் கடைக்கணக்கு எழுதும் அக்காவின் பக்கம் திருப்பினான்.

"நம்ம வீட்டம்மாதான்க்கா. என்னமா நடிக்கறா பாத்தீங்களா! இப்போ கைய விரிச்சிட்டு எந்திரிப்பா பாருங்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை பார்த்தாள். சிரிக்கவில்லை.

கால் மணி நேரத்தில் மாடிப்படி தடதடத்தது. ஊமைக்கோட்டான் மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் பில். முகமெல்லாம் பல்.

"வித்துட்டேன் சார்! இன்னைக்கே வீட்டுக்குப் போகணுமாம். அதுக்கு உங்க கையெழுத்து வேணும்."

இவள் ஏன் வாங்கினாள்? மேனேஜர் பில்லை வாங்கிப் பார்த்தான்.

மெத்தை ஒன்று. மூன்றுக்கு ஆறு.

ஒருவர் படுப்பது.

கீழே முகவரி. அவன் வீட்டு முகவரி அல்ல. கொழுந்தியாளின் வீடு.

"நீங்க சொன்ன மாதிரியே கேட்டேன் சார். அளவு கேக்கல. யார் படுக்கறதுன்னுதான் கேட்டேன். 'நான் மட்டும்தான்'னு சொல்லி அழுதுட்டாங்க." அவருக்கு இன்று வாய் அடங்கவில்லை. "பாவம் சார். வீட்டுக்காரர் நல்லாப் பேசுவாராம். இவங்க ஒண்ண வேண்டாம்னா, வேணும்னு சொல்ற வரைக்கும் விடமாட்டாராம். அடி உதைன்னாக்கூட நாலு பேர்கிட்டச் சொல்லலாம், பேச்ச எப்படிங்க சொல்றதுன்னு கேக்கறாங்க."

அக்கா தலையைக் குனிந்து எதையோ எழுதத் தொடங்கினாள். பேனாவின் மூடியைக் கழற்ற மறந்திருந்தாள்.

மேனேஜர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். ஏதாவது சொல்ல வேண்டும். ஊரையே விற்கிற வாய். பில்லை மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"வேலை இருக்குல்ல சார்?"

போன் அதிர்ந்தது. பத்துக் கேள்விகளுக்கும் பதில் வந்திருந்தது. ஒப்புக்கொண்ட வேலையை அவள் அரைகுறையாக விடுபவள் அல்ல.

ஒன்பதுக்கு முழு மதிப்பெண்.

பத்தாவது கேள்வி, அவனே யோசித்து எழுதியது: கிளம்பும்போது உங்களைத் தடுக்க முயன்றாரா?

'இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.'