கடைசியாக ஏற்றிய விலை

பேரூராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு எதிரே பல்கலைக்கழக வாசல். அங்கே ஒரு நீரூற்று தொட்டித் தண்ணீரில்தான் ஆடிக்கொண்டிருந்தது.

"பெரிய இடம், கேட்டால் கொடுப்பார்கள்" என்று பேரூராட்சி பல்கலைக்கழகத்துக்கு மட்டும் தண்ணீர்க் கட்டணத்தை ஏற்றியது. அந்தக் காசில் தெருவெல்லாம் புது விளக்கு எரிந்தது. ருசி கண்ட ஊர் மறுபடியும் ஏற்றியது.

"போதும் அண்ணே, உள்ளே முணுமுணுக்கிறாங்க" என்றது நீரூற்று.

"முணுமுணுத்துக்கிட்டே கட்டுவாங்க தம்பி. வேற எங்கே போயிடுவாங்க?" என்றது தொட்டி.

அவர்கள் எங்கும் போகவில்லை. வளாகத்துக்குள்ளேயே ஆழமாக ஒரு போர் போட்டார்கள். அடுத்த கோடையில் தொட்டிக்குத் தண்ணீர் தந்த ஊர்க் கிணறு வற்றியது, தொட்டி காய்ந்தது.

ஒருநாள் லாரி வந்து தொட்டியில் தண்ணீர் ஏற்றியது. தொட்டிக்கு அந்த ருசி பழக்கமானதாக இருந்தது.

"தம்பி, இது நம்ம ஊர்க் கிணத்துத் தண்ணி மாதிரியே இருக்கே!"

நீரூற்று ஆட்டத்தை நிறுத்தியது.

"அதேதான் அண்ணே. இப்ப எங்க போர்ல வருது. உங்க ஊருக்கு விக்கிறாங்க."

"என்ன விலைக்கு?"

"நீங்க கடைசியா ஏத்தின விலைக்குத்தான் அண்ணே."