விட்டுவைத்த செபம்

செபமாலை முடியும் நேரம், என் மனைவி மெற்றில்டா எப்போது எழும்புவாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒக்டோபர் மாதம் மாம்புரியில் மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். இன்றைக்கு எங்கள் வீடு. பாய் போதாமல் படகு மூடும் படங்கும் விரித்திருந்தோம்.

நான் சுவரோடு சாய்ந்திருந்தேன். செபமாலையின் ஐந்தில் மூன்றாம் தேவ இரகசியத்திலேயே குறட்டை விடுகிறவன் என்று ஊரில் எனக்குப் பெயர். ஆகையால் எந்த வீட்டிலும் சுவர்ப்பக்கத்தை எனக்கென்றே விட்டுவிடுவார்கள்.

செபமாலையின் கடைசியில் மரித்தவர்களுக்கான செபம் உண்டு. வீட்டார் பெயர் சொல்லி முதற்பாதியைத் தொடங்க வேண்டும். வந்தவர்கள் பிற்பாதியைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது செபம்.

இந்த வருசம் சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் எங்கள் மகன் டிலக்ஸன் கடலுக்குப் போனான். படகு மட்டும் கற்பிட்டிப் பக்கம் கரையொதுங்கியது.

அன்றிலிருந்து, யார் வீடானாலும், அந்தச் செபம் வரும்போது மெற்றில்டா எழும்பி வெளியே போய்விடுவாள். ஊரும் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டது. தங்கள் தாய் தகப்பனுக்குக்கூடச் சொல்லவில்லை. எங்களுக்காக ஊரிலுள்ள செத்தவர்களெல்லாம் பொறுத்துக்கொண்டு கிடந்தார்கள்.

செபம் நடத்தும் சந்தியோகு மூப்பரிடம் நானே சொல்லிவைத்திருந்தேன், பெரிய புருசன் மாதிரி: “மெற்றில்டா தாங்கமாட்டா, மூப்பர்.”

நான் திடமான ஆள். விடியக்காலம் கரைக்குப் போவது காற்று வாங்கத்தான். கையில் மகனுடைய காய்ந்த சேர்ட்டைக் கொண்டுபோவது, நனைந்து வருகிறவனுக்குக் குளிருமே என்று. அதிலென்ன பிழை?

இன்றைக்கு அந்த இடம் வந்தும் மெற்றில்டா எழும்பவில்லை.

மூப்பர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி, முடிவுப் பாட்டுக்குத் தொண்டையைச் செருமினார்.

“மூப்பர், ஒண்டு விட்டிட்டீங்க.”

முழங்காலில் நின்றபடி அவளே தொடங்கினாள். மகனுக்கு நித்திய இளைப்பாற்றியைக் கேட்டாள். ஞானஸ்நானத்தில் வைத்த முழுப் பெயரையும் சொன்னாள். சொல்லி நிறுத்தினாள்.

பிற்பாதி வரவில்லை.

எங்கள் ஊரில் ஒருவர் தும்மினாலே நாலு பேர் சேசு மரி சூசை என்பார்கள். இப்போது எல்லாரும் படங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் சொன்னால் அவன் செத்தவனாகிவிடுவான்.

அவள் மறுபடி சொன்னாள். மறுபடி நிறுத்தினாள்.

மூப்பர் என்னைப் பார்த்தார். நான் மாதாவைப் பார்த்தேன். மாதா, வழக்கம்போல, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

மெற்றில்டா திரும்பினாள். என் பக்கமல்ல, அவர்கள் பக்கம்.

“இவர் தாங்கமாட்டாரெண்டுதான் நான் ஒவ்வொரு நாளும் எழும்பிப் போனது. இனி ஏலா. இத நான் தனியச் சொல்லேலாது.”

அங்கிருந்த ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

நான் வாயைத் திறந்தேன். பிற்பாதியின் முதற்சொல் வந்தது.

மிச்சத்தை அவர்கள் சொன்னார்கள்.