ஓடி வரும் ஆள்

தலை குனிந்தபடி கடைக்குள் நுழைந்த வங்கித் தம்பியைக் கண்டதும், கண்ணாடிக் கடைக்காரிக்குச் சினம் உச்சந்தலைக்கு ஏறியது. கையிலிருந்த மூக்குக் கண்ணாடியை வேகவேகமாகத் துடைத்தபடியே வரவேற்றாள். "வாங்க தம்பி, வாங்க! சமாதானத் தூதா?"

"இல்லக்கா, நான் எதுக்கு வந்தேன்னா..."

"எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியாதா? உக்காருங்க. நான் பேசி முடிச்சிடறேன், அப்புறம் உங்க மன்னிப்பெல்லாம்."

புடைத்த தோள்பையை மடியில் இருத்திக்கொண்டு தம்பி அமர்ந்தான். அவளோ, மேசைமேல் கிடந்த கார்டு மெஷினைக் குற்றவாளியைக் காட்டுவதுபோல் சுட்டினாள். அதன் சிறு திரையில் வட்டம் ஒன்று ஓயாது சுழன்றுகொண்டிருந்தது. எத்தனை பேர் வந்து வணங்கினாலும் விழி திறவாத முனிவரைப்போல், அது தன் தவத்திலேயே ஆழ்ந்திருந்தது.

"பாருங்க இதை! நேத்து ஒரு பெரியவர் படிக்கிற கண்ணாடி ஒண்ணை மாட்டிப் பாத்துட்டு, 'ஆகா, எழுத்தெல்லாம் முத்து முத்தா தெரியுதே'ன்னாரு. கார்டைத் தேச்சா இது சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. கழட்டி வச்சுட்டுப் போயிட்டாரு, மங்கலாத் தெரிஞ்சாலே போதும்னு!"

உள்ளறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த அவளுடைய கணவரின் குரல், சாணையின் இரைச்சலைத் தாண்டி வந்தது. "அந்தப் போன் ஆப்பையும் சொல்லு! நம்ம கணக்கைத் திறந்தா, நம்மளையே யாருன்னு கேக்குது!"

"நீங்க லென்ஸைப் பாருங்க!" என்று அவரை அடக்கிவிட்டுத் தம்பியிடம் திரும்பினாள். "கஸ்டமர் கேருக்குப் போன் போட்டா பாட்டுதான் கேக்குது. கேட்டுக் கேட்டு, இவரு குளிக்கும்போதுகூட அதையே பாடறாரு."

"நல்ல மெட்டுதானே!" என்றது உள்ளறை.

தம்பிக்குச் சிரிப்பு முட்டியது. அவள் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டான்.

"உங்க மேனேஜர் என்னதான் சொல்றாரு?"

"தெரியலக்கா."

"மேனேஜர் என்ன சொல்றார்னுகூடத் தெரியல! வெளங்கிடும்."

பிறகு அவள் குரல் சற்றே தாழ்ந்தது. "சாயங்காலம் அந்த பேக்டரிக்காரர் வர்றாரு, தம்பி. அவரோட ஆளுங்க அத்தனை பேருக்கும் நம்மகிட்டதான் கண்ணாடி. போன தடவை இது மக்கர் பண்ணினதைப் பாத்துட்டு, 'இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா அடுத்த தெருக் கடைக்குப் போயிடுவேம்மா'ன்னு சொல்லிட்டாரு. அந்த ஆர்டர் போச்சுன்னா கடைக்குப் பூட்டுதான். அதான் எதிர்த்தாப்புல இருக்கிற பேங்க்குல பேசிட்டேன். இன்னைக்கே மெஷினோட ஆள் அனுப்பறாங்களாம்."

"நல்ல முடிவுக்கா," என்றான் தம்பி.

கோபமோ கெஞ்சலோ வரும் என்று எதிர்பார்த்திருந்தவள் திகைத்துப் போனாள். தன்னை விட்டுப் போகிறவளையும் வாழ்த்தி அனுப்ப எத்தனை பேருக்கு மனம் வரும்? கணக்கு முடங்கிப்போன அன்று, கொட்டும் மழையில் குடைகூட இல்லாமல் ஓடி வந்து சரிசெய்து கொடுத்தவன் இவன்தான். சட்டையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, "பயப்படாதீங்கக்கா" என்று சிரித்த அந்த முகம் அவள் மனக்கண்ணில் நின்றது. சுடுமணலாய்க் கொதித்த நெஞ்சில் ஈரம் ஊறத் தொடங்கியது.

சாணையை நிறுத்திவிட்டுக் கணவர் வாசற்படிக்கு வந்தார். "எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பேங்க்குல எல்லாம் புதுசு, சரி. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இந்தத் தம்பி மாதிரி ஓடி வர அங்க ஆள் இருக்கா?"

கடைக்காரி சுழலும் வட்டத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். மாலையில் வரவிருக்கும் பேக்டரிக்காரரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"அவர்கிட்ட நான் கால்ல விழாத குறையா கேட்டுக்கறேன், செக்கா குடுங்கன்னு. குடுத்தா என் அதிர்ஷ்டம், குடுக்கலைன்னா என் தலையெழுத்து. மெஷின் இன்னைக்கு நல்லாருக்கும், நாளைக்குக் கெட்டுப்போகும். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர்ற மனுஷனை எங்க போய்த் தேடறது? உங்களுக்காகத்தான் தம்பி, நான் பேங்க் மாறல!"

"ஐயோ, அக்கா! ஒரு நிமிஷம்..."

"நன்றியெல்லாம் வேணாம். என் மனசு மாறுறதுக்குள்ள அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

எதிர்வங்கியிலிருந்து காலையில், 'எங்கள் அலுவலர் இன்று உங்கள் கடைக்கு வருவார்' என்று குறுஞ்செய்தி வந்திருந்தது. அதன் கீழிருந்த எண்ணைத் தேடி அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள்.

தம்பியின் சட்டைப்பைக்குள் கைபேசி அலறியது.

"அதைக் கொஞ்சம் அமத்துங்க தம்பி. இங்க ரிங் போகுது, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

தம்பி கைபேசியை வெளியே எடுத்து அவள் முன்னே நீட்டினான். ஒளிர்ந்த திரையில் அவளுடைய கடையின் பெயர் இருந்தது.

"உங்களுக்கு முன்னாடியே நான் பேங்க் மாறிட்டேன்க்கா."