கயாமா ஒளித்த முத்திரை

"என் முத்திரை விழாம அந்த ஆளு ஒரு வரியைக்கூட வெட்ட முடியாது. நானும் பார்த்துடறேன்."

கயாமா தன் பெயர் முத்திரையை அரிசி பிஸ்கட் டப்பாவின் அடியில் புதைத்து மூடினாள். பக்கத்து மேஜையில் படம் வரைந்துகொண்டிருந்த மகிதா சிரித்தாள்.

ஒசாகாவில் அந்த விளையாட்டு கம்பெனியின் பழைய வழக்கம் அது. எதை வெட்டினாலும், வெட்டுத்தாளில் அதை உருவாக்கியவரின் முத்திரை விழுந்தாக வேண்டும்.

டிவியில் இணைத்து ஆடிய 'நிலாத்துறை' இருபது வருஷம் கழித்து இப்போது செல்போனுக்கு வருகிறது, அதுவும் இலவசமாக; ஆட்டத்துக்குள்ளே காசு கட்டி எடுக்கும் பரிசுக் குலுக்கலில்தான் வருமானம். அறுபது மணி நேர ஆட்டம். ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறவனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? மூன்றில் ஒரு பங்காக்கு என்று மேலிடத்து உத்தரவு. பொறுப்பு தொகுனாகாவின் தலையில் விழுந்தது. கூடவே 'கத்தரிக்கோல்' என்ற பட்டப்பெயரும்.

கயாமாவின் உயிர் ஒரே காட்சியில் இருந்தது. படகுக்காரி மினே, நாயகனை அக்கரையில் இறக்கிவிட்டு விடைபெறும் ஏழு நிமிஷம். வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவள் எழுதியது. இன்னும் யாராவது, பார்த்து அழுதேன் என்று கடிதம் போடுகிறார்கள்.

"கத்தரிக்கோல் என்ன சொல்வாரு தெரியுமா?" மகிதா குரலைத் தடிப்பாக்கிக்கொண்டாள். "'கயாமா சான், ஜனங்க காசு போட்டு குலுக்கல் எடுக்கற நேரத்துல நீங்க படகு ஓட்டிட்டிருந்தா, கம்பெனி முழுகிடும்.'"

"நீ வேற வயித்தெரிச்சலைக் கிளப்பாதே. சண்டையும் குகையும் எல்லாம் அவர் உருவாக்கினதுதானே? அதுல கை வைக்கச் சொல்லு பார்ப்போம். தான் பெத்ததை யாரு வெட்டுவா?"

இரண்டு வாரம் ஆயிற்று. தாள் வரவில்லை.

"உனக்கு வந்துச்சா?"

"எனக்கும் வரலை. யாருக்குமே வரலையாம்."

"அப்போ கேக்காமலே வெட்டறாரு."

அன்றைக்கே கயாமா ராஜினாமாக் கடிதத்தை எழுதி உறையில் போட்டுக்கொண்டாள். மினே இல்லாமல் போன இடத்தில் தனக்கு மட்டும் என்ன வேலை என்று மனசு கொதித்தது.

காபி மெஷின் பக்கத்தில் தொகுனாகா மாட்டினார்.

"வெட்டெல்லாம் முடிஞ்சுதா, தொகுனாகா சான்?"

"நேத்தே முடிஞ்சுது."

"யார்கிட்டயும் முத்திரை கேக்கலையே?"

"கேக்க வேண்டியவங்ககிட்ட கேட்டாச்சு." அவர் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. "பசிக்குது. உங்ககிட்ட அரிசி பிஸ்கட் இருக்குன்னு மகிதா சொன்னாங்க. ரெண்டு கிடைக்குமா?"

"தீர்ந்துபோச்சு" என்றாள் வெடுக்கென்று.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

கயாமா நேராக வெட்டுத்தாள் கோப்பு இருக்கும் அலமாரிக்குப் போனாள். முத்திரை இல்லாத ஒரு தாள் கிடைத்தால் போதும். அதையும் ராஜினாமாவையும் சேர்த்து மேலாளர் முகத்துக்கு நேராக நீட்டிவிடலாம். கோப்பை இழுத்துப் பிரித்தாள்.

பனிக்கோட்டைச் சண்டை, நீக்கம். முத்திரை இருந்தது.

மூன்று தலை நாகம், நீக்கம். அந்த நாகத்துக்காக அவர் ஒரு குளிர்காலம் முழுக்க ஆபீஸிலேயே படுத்துக் கிடந்தது கயாமாவுக்கு நினைவு வந்தது. அதிலும் முத்திரை.

எரிமலைக் குகை. கண்ணாடிக் குகை. கடைசிக் கோபுரம். நீக்கம், நீக்கம், நீக்கம்.

அவள் வேகமாகப் புரட்டினாள். மினேயின் படகுத்துறைக்கு ஒரு தாளும் இல்லை. மகிதா வரைந்த ஊர்களுக்கும் இல்லை.

தன் மேஜைக்குத் திரும்பி, டப்பாவை முழுசாகத் தூக்கிக்கொண்டு தொகுனாகாவின் மேஜையைப் பார்த்து நடந்தாள் கயாமா. பிஸ்கட்டோடு அவள் முத்திரையும் உள்ளே கடகடத்தது.

கோப்பில் இருந்த அறுபத்தொரு தாளிலும் விழுந்திருந்தது ஒரே முத்திரை: தொகுனாகா.